டூரெட் உள்ள பிள்ளையும் நாலு பேரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் நாங்கள் ஒரு சின்ன பேக்கரி வைத்திருக்கிறோம். மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது. டூரெட் என்று, அதாவது அசைவும் சத்தமும் தன்னையறியாமல் வருகிற நரம்புக் கோளாறு என்று, டாக்டர் சொன்னபோது எட்டு வயது. பள்ளி விட்டு வந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான். அதனால் வர்க்கி வாங்க வருகிற எல்லாருக்கும் அவனைத் தெரியும், அவன் செருமலையும் தெரியும். சில்லறை வாங்கிக்கொண்ட பிறகும் நகராமல் நின்று, குரலைத் தாழ்த்தி, "எங்க பையனுக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பிக்கிறவர்கள் மாதம் ஒருவராவது வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. டாக்டர்கள் சொன்னது, நான் படித்தது, வீட்டில் பட்டது எல்லாம் கலந்த பதில்கள் இவை. மருந்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நாலு பேர் நடுவில் பிள்ளை எப்படி இருப்பான் என்பதுதான் எல்லாருடைய கவலையும், என் கவலையும்.

எங்கள் பையன் ஓயாமல் மூக்கை உறிஞ்சுகிறான். சளியா, பழக்கமா, இல்லை இதுவா?

எங்கள் வீட்டிலும் மூக்கில்தான் ஆரம்பித்தது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊரில் யாருக்குத்தான் மூக்கு ஒழுகாது? பனிமூட்டம், ஈரச் சுவர், போதாக்குறைக்கு எங்கள் அடுப்பின் விறகுப் புகை. ஒன்றரை வருடம் சளி மருந்து, அலர்ஜி மாத்திரை, ஆவி பிடித்தல், துளசிக் கஷாயம் என்றே போனது. துவைக்க எடுக்கும்போது அவன் கைக்குட்டை காய்ந்தே இருக்கும். தினமும் பார்த்தேன், ஒரு நாளும் யோசிக்கவில்லை. அப்புறம் கண்ணைக் கொட்ட ஆரம்பித்தான், கண் டாக்டரிடம் போனோம். பிறகு தோளைக் குலுக்கினான். சட்டை உறுத்துகிறதோ என்று காலர் லேபிளை எல்லாம் வெட்டி எறிந்தேன்.

திடீரென்று, ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப வருகிற அசைவையோ சத்தத்தையோ டிக் என்கிறார்கள். அசைவு டிக் ஒன்றுக்கு மேலும், சத்த டிக் ஒன்றாவதும் இருந்து, 18 வயதுக்கு முன் தொடங்கி, வருவதும் போவதுமாக ஒரு வருடத்தைத் தாண்டினால் அது டூரெட். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் தலைகாட்டும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியாது. டாக்டர் கேட்டும் பார்த்தும்தான் முடிவு செய்கிறார். அதனால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் பிள்ளை சிலை மாதிரி உட்கார்ந்துவிடுவான். சில மாதம் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும் டிக் நிறையப் பிள்ளைகளுக்கு வரும். அது டூரெட் ஆகாது.

பெயர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கிறார்கள். 1885-ல் இப்படிப்பட்ட ஒன்பது பேரைப் பற்றி எழுதிய ஜில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு டாக்டரின் பெயர்.

டீச்சர் முன்னால் அடங்கி உட்காருகிறான், வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிடுகிறான். வேண்டுமென்றே செய்கிறான் என்றுதானே அர்த்தம்?

இல்லை. மழைக்காலத்தில் தேயிலைக்குள் நடந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அட்டை கடித்த இடம் இரண்டு மூன்று நாள் கழித்தும் அரிக்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சொறியாமல் உட்காரலாம்தான். ஆனால் அவர் இருக்கிற நேரம் முழுக்க மனசு கணுக்காலிலேயே இருக்கும், அவர் என்ன பேசினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் படி இறங்கியதும் முதல் வேலை சொறிவதுதான். டிக் வருவதற்கு முன் பல பிள்ளைகளுக்கு அப்படி ஒரு உறுத்தல் வருகிறது. சின்ன வயதில் அதைச் சொல்லத் தெரியாது. என் மகன் பத்து வயதில்தான் சொன்னான்: "கழுத்துக்குள்ள கொக்கி மாட்டுன மாதிரி இருக்கும்மா. ஆட்டுனா கழண்டுடும்."

அப்படி அடக்கிக்கொண்டு உட்காருகிற பிள்ளைக்குப் பாடம் எவ்வளவு ஏறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடக்கியதெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும் என்று சொல்வார்கள். ஆராய்ச்சி செய்து பார்த்தவர்கள் அப்படிக் காணவில்லை. சாயங்காலம் களைப்பு, அதோடு வீட்டில் யாருக்காகவும் அடக்க வேண்டியதில்லை. அதனால்தான் வீட்டில் கூடுதலாகத் தெரிகிறது. "நம்மகிட்ட மட்டும் ஏன்டா இப்படி" என்று என் மாமியார் கேட்பார். நம்மிடம் அடக்க வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றுவது எனக்கு ஒரு வகையில் நிம்மதி.

இன்னொரு வேடிக்கை. வர்க்கியை எண்ணி பாக்கெட்டில் போட்டுக் கட்டும்போது அவனுக்கு டிக் கிட்டத்தட்ட வராது. கையும் மனசும் ஒன்றாக ஓடுகிற வேலையில் பல பிள்ளைகளுக்குக் குறைகிறது. அதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், "இப்ப மட்டும் எங்க போச்சு? நடிக்கிறான்" என்றார். கேள்வி நியாயமானது, முடிவுதான் தப்பு. தூக்கம் கெட்டால், பதறினால், சந்தோஷம் அதிகமானாலும்கூட டிக் கூடும். தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் உச்சம். "செய்யாதே" என்று சொன்னால் அப்போதே கூடும். சந்தேகம் இருந்தால் இன்று சாயங்காலமே சொல்லிப் பாருங்கள்.

கெட்ட வார்த்தை கத்துவார்களாமே?

டூரெட் உள்ளவர்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத்தான் அது. வீடியோக்களில் அவர்களைத்தான் காட்டுகிறார்கள், அதனால் ஊரே அப்படி நினைக்கிறது. உங்கள் பிள்ளைக்கு வந்தால் வாயில் அடிக்காதீர்கள். அந்த வார்த்தை அவன் மனதில் இருப்பதைக் காட்டுவதில்லை.

எது டிக், எது சேட்டை? எல்லாவற்றுக்கும் "எனக்கு டூரெட்" என்று தப்பித்துக்கொள்ள மாட்டானா?

தப்பித்துக்கொள்வான். என் மகனும் செய்திருக்கிறான். தங்கையின் பென்சில் டப்பாவை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, "டிக்கு" என்றான். டப்பா கீழ்வீட்டுத் தகரக் கூரையில் விழுந்து உருண்ட சத்தத்தில் அவனே சிரித்துவிட்டான்.

நான் பார்த்தவரை டிக் சட்டென்று வந்து முடிந்துவிடும், ஒரே அச்சில் வரும். வந்த பிறகு பிள்ளை யார் முகத்தையும் பார்ப்பதில்லை. சேட்டை செய்தவன் கட்டாயம் பார்ப்பான், எடுபட்டதா என்று தெரிய வேண்டுமே. பென்சில் டப்பாவை எடுத்து, ஜன்னலைத் திறந்து, குறி பார்த்து எறிவதெல்லாம் டிக் இல்லை. கீழ்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, டப்பாவை எடுத்து வந்தான். டூரெட் இல்லாத பிள்ளை என்றாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

சிக்கல், இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றில். ஒன்பது வயதில் நாலைந்து மாதம் அவனுக்குத் துப்பும் டிக் இருந்தது. தின்பண்டம் விற்கும் கடை எங்களுடையது! முதல் வாரம் கத்தினேன். இரண்டாவது வாரம் கடைக்கே வராதே என்றேன். அது அவனை அறைந்ததுபோல் ஆனது, மூன்று நாள் பேசவில்லை. பிறகு உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கையில் எப்போதும் ஒரு துண்டு, உறுத்தல் வந்தால் அதற்குள் துப்ப வேண்டும். கண்ணாடி அலமாரிப் பக்கம் நிற்கக் கூடாது, உட்காருவது உள்பக்கம். தவறி எங்காவது விழுந்தால் திட்டு இல்லை, ஆனால் துடைப்பது அவன். இன்றுவரை எங்கள் வீட்டுச் சட்டம் அதுதான். டிக்குக்கு அவன் குற்றவாளி இல்லை, ஆனால் அதனால் அழுக்கானதையோ உடைந்ததையோ சரிசெய்வது அவன் பொறுப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது.

எதுவென்று தெரியாதபோது டிக் என்றே எடுத்துக்கொள்கிறேன். அவ்வப்போது ஏமாறுவேன். அடக்க முடியாத ஒன்றுக்காக அடி வாங்கிய பிள்ளையை நினைத்தால், ஏமாறுவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் "நடத்தை" என்று புலம்புவதில் பாதி டிக்கே இல்லை. டூரெட் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேர் அளவுக்கு ஏ.டி.எச்.டி.யும் (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு அடங்காத கோளாறு) இருக்கிறது. மூன்றில் ஒருவர் அளவுக்கு ஓ.சி.டி. (ஒரே எண்ணமோ செயலோ விடாமல் துரத்தும் கோளாறு). பேச்சில் குறுக்கே விழுவது, முறைக்குக் காத்திருக்க முடியாதது, தோற்றால் ஆட்டத்தைக் கலைப்பது எல்லாம் முதலாவதன் வேலையாக இருக்கலாம். செருப்பை நாலு தடவை நேராக வைக்காமல் வெளியே கிளம்ப முடியாதது இரண்டாவதன் வேலையாக இருக்கலாம். டாக்டரிடம் போகும்போது டிக்கை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

வகுப்பில் கிண்டல் செய்கிறார்கள். என்ன செய்வது?

முதலில், பிள்ளை தானாகச் சொல்ல ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். எங்கள் பையனுடையது: "எனக்கு டூரெட். மூளைக்கு விக்கல் வர்ற மாதிரி. யாருக்கும் ஒட்டாது. நீ பாட்டுக்கு இரு." அவனே போட்ட வசனம். நான் எழுதிக் கொடுத்தது நீளமாக இருந்ததாம். அடுப்படியில் தங்கையைக் கிண்டல்காரியாக நிற்கவைத்து ஒத்திகை பார்த்தான். முதல் நாள் அழுகிற குரலில் வந்தது. ஒரு வாரத்தில், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல் சாதாரணமாக வந்தது. எடுபடுவது இந்த இரண்டாவது குரல்தான். பிள்ளைகள் வசனத்தைக் கேட்பதில்லை, சொல்கிறவன் நடுங்குகிறானா என்றுதான் பார்க்கிறார்கள்.

அடுத்தது வகுப்புக்கு மொத்தமாகச் சொல்வது. பிள்ளை சம்மதித்தால் மட்டும். சொல்லும்போது தான் உள்ளே இருப்பதா, வெளியே போவதா என்பதும் அவன் முடிவு. என் மகன் உள்ளே இருந்தான். வகுப்பாசிரியை பத்து நிமிடம் பேசிவிட்டுக் கேள்வி கேட்கச் சொன்னார். "தூங்கறப்பவும் வருமா?" "பரோட்டா சாப்பிடறப்ப புரை ஏறாதா?" "வலிக்குமா?" தூக்கத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும் என்றான். கழுத்தை ஆட்டி ஆட்டி வலிக்கும், இரவில் அம்மா தைலம் தேய்ப்பாள் என்றான். பக்கத்து பெஞ்சுப் படுகப் பையன் அன்றே ஹட்டிக்கு, அதாவது அவர்கள் ஊருக்குப் போய், அத்தனையையும் தன் பாட்டிக்குப் படுக மொழியில் சொல்லியிருக்கிறான். அந்தப் பாட்டி அடுத்த சந்தை நாளில் கடைக்கு வந்து, தைலம் எந்தக் கடையில் வாங்குகிறேன் என்று விசாரித்தார்.

அதோடு முடியவில்லை. டூரெட் உள்ள சில பிள்ளைகளுக்குக் கேட்ட சத்தத்தைத் திருப்பிச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பின்னாலிருந்து பூனை மாதிரி ஒரு "மியாவ்". இவன் வாயிலிருந்தும் "மியாவ்". பொத்தான் அமுக்குவது மாதிரி, நாள் முழுக்க. இதை விளையாட்டு என்று விடக் கூடாது. நான் போய் அந்தப் பையன்களைத் திட்டவில்லை. நடந்ததைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியையிடம் கொடுத்தேன். அவர் இரண்டு வீட்டாரையும் வரச் சொன்னார், உட்காரும் இடத்தையும் மாற்றினார். நின்றது. நண்பன் ஒருவன் இவன் தோள் குலுக்கலைச் செய்துகாட்ட, இவனும் சேர்ந்து சிரித்தால் அது வேறு கதை. பிள்ளை சிரிக்கிறானா, சிரிப்பதுபோல் காட்டுகிறானா என்பது வீட்டுக்கு வந்து டிபன் டப்பாவை வைக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

பள்ளியில் என்ன சலுகை கேட்கலாம்?

காசு செலவாகாததைத்தான் முதலில் கேட்க வேண்டும். டிக் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்காமல் பாடம் நடக்க வேண்டும். முதல் பெஞ்ச் வேண்டாம், நாற்பது ஜோடிக் கண் முதுகில் குத்தும். ஓரமாக, கதவுக்குப் பக்கத்தில் கேளுங்கள். முடியாமல் போகும்போது அனுமதி கேட்காமல் ஐந்து நிமிடம் வெளியே போய்வர ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். சத்தமாக வாசிப்பதற்குப் பதிலாக ஆசிரியையிடம் தனியாக வாசிக்கலாம்.

பரீட்சைக்குத் தனி அறை கேளுங்கள். எங்களுக்கு அது தாமதமாகத்தான் உறைத்தது. அரைப் பரீட்சையில் இவன் இரண்டு தடவை உறிஞ்சி ஒரு தடவை செரும, மேற்பார்வைக்கு வந்த வேறு பள்ளி ஆசிரியர் யாருக்கோ சிக்னல் கொடுக்கிறான் என்று பேப்பரைப் பிடுங்கிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதன்பிறகு டாக்டர் எழுதிய ஒரு பக்கக் கடிதம் ஹால் டிக்கெட்டோடு சேர்ந்தே போகிறது.

சட்டப்படி என்ன என்று கேட்பவர்களுக்கு: 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் உள்ள 21 வகைகளில் டூரெட் என்ற பெயர் இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அதுவும் சேர்ந்திருந்தால் அந்த வழியில் சான்றிதழ் கேட்கலாம். மற்றபடி தலைமையாசிரியரின் மனசுதான்.

நண்பர்களே இல்லை. ஒரு தாய் இதற்கு என்ன செய்ய முடியும்?

நான் அதிகம் அழுதது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

டிக்கால்தான் யாரும் சேர்க்கவில்லை என்று முதலில் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்தே மேட்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் செருமலை அங்கே ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஆனால் பேட்டிங் முறை வருவதற்குள் மூன்று தடவை "நான், நான்" என்று குறுக்கே ஓடினான். அவுட் கொடுத்தபோது மட்டையைத் தேயிலைக்குள் எறிந்தான். அடுத்தவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தால் இவன் வேறெதையோ முடித்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்தில் அவர்களே கலைந்துவிட்டார்கள். சரி, அவர்கள் விலகுவது செருமலுக்காக இல்லை. இது கற்றுக்கொடுத்தால் வருகிற விஷயம் என்பது அன்று எனக்குப் பெரிய ஆறுதல். டூரெட் உள்ள பிள்ளைகளுக்கு நட்பில் வரும் சிரமம் பெரும்பாலும் கூட இருக்கும் ஏ.டி.எச்.டி.யோடு சேர்ந்தது என்று பிறகு டாக்டரும் சொன்னார்.

அன்றிலிருந்து கூட்டத்தை விட்டோம். ஒரு சமயத்துக்கு ஒரே பிள்ளை, எங்கள் வீட்டில், ஒன்றே கால் மணி நேரம். என்ன விளையாட்டு என்று முன்பே முடிவு செய்துவிடுவோம். கேரம் சரிப்படவில்லை, தோள் குலுங்கும்போது ஸ்ட்ரைக்கர் எங்கோ போய் இவனுக்கு ஆத்திரம் வரும். பல்லாங்குழி பிடித்தது. மாவு பிசைந்து பிஸ்கட் வெட்டுவது அதைவிடப் பிடித்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்து, வந்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். இன்னும் கொஞ்ச நேரம் என்று இருவரும் கெஞ்சும் நேரம்தான் சரியான நேரம். சண்டை வந்த பிறகு அனுப்பினால் அந்தப் பிள்ளைக்குச் சண்டைதான் ஞாபகம் இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஒரு பழக்கம். ஒருவர் பேசி முடித்ததும், அடுத்தவர் தன் கதைக்குப் போவதற்கு முன் முதலாமவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவனுக்கு மட்டும் என்றால் தண்டனை மாதிரி இருக்கும் என்று எல்லாருக்கும் வைத்தோம். இதில் அதிகம் தோற்பவர் என் வீட்டுக்காரர்.

இப்போது அவனுக்கு இரண்டு நண்பர்கள். பெரிய கூட்டமில்லை. ஒருவன் கால்பந்துக்காரன், இவனை கோல்கீப்பராக நிறுத்திவிட்டான். அமெரிக்க அணியின் கோல்கீப்பராக இருந்த டிம் ஹோவர்டுக்கும் டூரெட் உண்டு, 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்தை அவர் தடுத்த ஆட்டம் பெயர்போனது. அந்த வீடியோவைத் தேடிக் கொண்டுவந்து காட்டியதும் அந்த நண்பன்தான்.

பள்ளி விட்டு வந்ததும் எரிந்து விழுகிறான், பொருளை உடைக்கிறான். இதுவும் இதில் சேர்ந்ததா?

சில பிள்ளைகளுக்கு உண்டு. நாள் முழுக்க அட்டைக் கடியைச் சொறியாமல் உட்கார்ந்தவனிடம் கதவைத் திறந்ததும் "ஹோம்வொர்க் என்ன?" என்று கேட்டால் வெடிக்காமல் என்ன செய்வான்? நாங்கள் முதல் முக்கால் மணி நேரம் எதுவும் கேட்பதில்லை. ஏதாவது சாப்பிடுவான், பின்கட்டில் விறகு அடுக்குவான், எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்வான்.

வெடித்துவிட்டால் அந்த நேரத்தில் புத்தி சொல்வது வீண். தங்கையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, கத்தி, தட்டு மாதிரியானவற்றை ஒதுக்கிவிட்டு, நானும் வாயை மூடிக்கொள்வேன். அடங்கிய பிறகு, சில நேரம் மறுநாள் காலையில், நடந்ததைப் பேசுவோம். உடைந்த தட்டுக்கு அவன் உண்டியலில் இருந்து பணம் போகும். அடிக்கடி வந்தாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ டாக்டரிடம் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள். கல்யாணம், விசேஷத்துக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா?

என் மாமியார் சிலோனிலிருந்து கப்பலில் வந்து தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவரிடம் மூளை, நரம்பு என்று எடுத்தால் எடுபடாது. தாயத்து கட்டினார், விட்டுவிட்டேன். திருநீறு போட்டார், அதற்கும் சரி. வேப்பிலை அடிக்கவும் மிளகாய்ப் புகை போடவும் ஒருவரிடம் கூட்டிப்போகலாம் என்றபோது மட்டும் முடியாது என்றேன். பிள்ளைக்கு வலிக்கிற, பயம் காட்டுகிற எதுவும் கூடாது. அதைத் தாண்டிய நம்பிக்கையோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவர் மனம் மாறியது வேறு விதமாக. "உங்க தம்பி ஓயாம கண்ணைக் கொட்டுவாரே, அவரை யாரு ஏவிவிட்டா?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். இது குடும்ப வழியில் வருவது என்பதை அந்த ஒரு கேள்வி புரியவைத்தது. இப்போது விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்வது அவர்தான்: "அவன் மாமன் தாத்தா கண்ணு மாதிரி, இவனுக்குத் தொண்டை."

விசேஷத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். மறைத்து வளர்த்தால் தன்னிடம் மறைக்க வேண்டிய ஏதோ இருக்கிறது என்றுதான் கற்றுக்கொள்வான். நாங்கள் மண்டபத்தில் வாசல் பக்கமாக உட்காருவோம். முகூர்த்த நேரத்தைவிடப் பந்தி எங்களுக்குச் சுலபம், அங்கே யார் செருமினாலும் கேட்காது.

பஸ்ஸில் எல்லாரும் முறைக்கிறார்கள். எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். குன்னூர் மினி பஸ்ஸில் ஒருவர் இவன் இருமுகிறான் என்று நினைத்து ஜன்னலைத் திறந்தார். வெளியே பனி, உள்ளே எல்லாருக்கும் நடுக்கம். கொரோனாவுக்குப் பிறகு செருமலுக்கு ஊரில் மரியாதை இல்லை. "சளி இல்லைங்க, நரம்பு சம்பந்தப்பட்டது, ஒட்டாது" என்றேன். ஜன்னல் மூடியது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு வரி போதும். தூரத்தில் முறைப்பவரை விட்டுவிடலாம், அவர் இறங்கும் இடம் வந்துவிடும். எப்போது சொல்வது, எப்போது விடுவது என்பதைப் பிள்ளை நம்மைப் பார்த்துத்தான் கற்கிறான். நான் கூனிக் குறுகிய நாட்களில் அவனும் குறுகினான்.

கூடப்பிறந்தவர்கள்?

தங்கை இரண்டு மாதம் அவனைப் போலவே கண்ணைக் கொட்டினாள். தொற்று இல்லை, அவளுக்கும் கவனிப்பு வேண்டியிருந்தது. புதன்கிழமை அவளோடு மட்டும் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன்.

சிகிச்சை என்ன? எங்கே போவது?

எல்லாருக்கும் சிகிச்சை தேவைப்படாது. டிக்கால் வலி, காயம், படிப்புத் தடை, மனவேதனை இருந்தால்தான் யோசிக்க வேண்டும். முதலில் பயிற்சி. சி.பி.ஐ.டி. என்கிறார்கள். உறுத்தல் வருவதைக் கண்டுகொண்டு, டிக்குக்கு எதிரான வேறொரு அசைவைப் பிடித்து நிற்பது. செருமல் வரும்போது வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுவான், கழுத்து ஆடும்போது மோவாயைக் கொஞ்சம் கீழே இழுத்து இறுக்கிக்கொள்வான். 2010-ல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுள்ள 126 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், பத்து வாரத்தில் எட்டு அமர்வு எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நல்ல முன்னேற்றம். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் அது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மருந்தும் உண்டு, குளோனிடின், அரிபிப்ரசோல், ரிஸ்பெரிடோன் போன்றவை. டிக் குறையும், முழுதாக மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தூக்கம், எடை கூடுவது மாதிரிப் பக்கவிளைவுகளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் சொல்லாமல் பாதியில் நிறுத்தாதீர்கள்.

மலையில் இருப்பவர்கள் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளுக்கான அரசு மருத்துவப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம், 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது அது. பயிற்சி தெரிந்தவரைத் தேடி நாங்கள் கோவைக்கு இறங்கினோம். மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து இரண்டு முறை பாதியில் திரும்பினோம், பிறகு போன் வழியாகவே மீதி அமர்வுகளை முடித்தோம். நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம். ஒருமுறை பேசியிருக்கிறேன், மகனுக்காக இல்லை, எனக்காக.

பெரியவனானால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் டிக் உச்சத்துக்குப் போகிறது, பதின்ம வயது முடிவதற்குள் பலருக்கு நன்றாகக் குறைகிறது. சிலருக்குத் தொடரும். எங்கள் உச்சம் ஆறாம் வகுப்பு. இப்போது இறங்குமுகம் போலத் தெரிகிறது. கார்த்திகை பிறந்தால் பார்க்கலாம்.

உங்கள் மகனைக் கடையில் பார்க்கும்போது நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

இதை அவனிடமே கேட்டேன். வர்க்கி எண்ணிக்கொண்டிருந்தவன், எண்ணிக்கை தப்பிவிடும் என்று கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, பாக்கெட்டைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னான்:

"நான் செருமுறப்ப எல்லாரும் தண்ணி நீட்டுறாங்கம்மா. வேணாம்னு எழுது. எனக்குத் தாகமில்ல."